இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்குக் கல்லூரி உதவித்தொகையும் கல்லூரி வாழ்க்கையும்: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பம் ஒன்றுக்கு விரிவான பதில்

கேள்வி இதுதான். தங்கச்சிமடம் பக்கம் மீனவக் குடும்பம். அப்பா விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறார். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர், இடது கையால் எழுதுபவர். இடது கைக்காரர்களுக்கென்று ஸ்காலர்ஷிப் இருப்பதாகக் கேள்விப்பட்டோம், அதை எப்படி வாங்குவது? பொறியியலோ பி.எஸ்சி. வேதியியலோ சேர்ந்தால் லேப், டிராயிங், பரீட்சை எல்லாவற்றையும் இடது கையோடு எப்படிச் சமாளிப்பார்?

இடது கைக்கென்று ஒரு ஸ்காலர்ஷிப் இருப்பது உண்மைதான். ஆனால் அது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் ஜூனியாட்டா கல்லூரியில் இருக்கிறது. அங்கே படித்த பெக்லி தம்பதி இருவருமே இடது கைக்காரர்கள். டென்னிஸ் வகுப்பில் அதனாலேயே ஜோடி சேர்க்கப்பட்டவர்கள். அவர்கள் பெயரில் 1979-ல் அந்த உதவித்தொகை தொடங்கியது. அந்தக் கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் இடது கை மாணவருக்கு மட்டும்தான் அது. தொகையும் பெரியதல்ல, ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு டாலர் அளவுதான். இங்கிருந்து விண்ணப்பித்து வாங்கக்கூடிய பொது உதவித்தொகை அது இல்லை. இந்திய அரசோ தமிழ்நாடு அரசோ நடத்தும் திட்டங்களில் இடது கைப் பழக்கம் ஒரு தகுதியாக இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளிலும் அது வராது, வரவும் கூடாது. பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்கும் இயல்பு அது, குறைபாடு அல்ல. ஆகவே "இடது கை ஸ்காலர்ஷிப்புக்குப் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது கேட்டால் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது.

தங்கைக்கு வர வேண்டிய பணம் வேறு வழிகளில் இருக்கிறது. கைக்கான ஸ்காலர்ஷிப்பைத் தேடி ஜூன் மாதத்தைக் கழித்துவிட்டால் அந்த வழிகளும் அடைபட்டுவிடும் என்பதுதான் என் கவலை. அதனால் பணத்தை முதலில் சொல்கிறேன்.

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டம் அவருக்கு உண்டு. பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். வருமான வரம்பு கிடையாது, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். தபால்வழிப் படிப்புக்கு மட்டும் இல்லை. கல்லூரியில் சேர்ந்தபின் கல்லூரி வழியாகத்தான் பதிவு நடக்கும். அதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், சேர்ந்த முதல் வாரமே அவரைப் பார்த்துவிடுங்கள். இதே தகுதியுள்ள பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது, தொகை அதேதான்.

பொறியியலுக்குப் போவதானால் அதைவிடப் பெரிய உதவி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை, சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கான இந்த ஒதுக்கீடு 2021-ல் சட்டமானது. கலந்தாய்வில் இந்த ஒதுக்கீட்டின் கீழ் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கலந்தாய்வுக்குப் போகாமல் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் நேரடியாகச் சேர்ந்துவிட்டால் இந்தச் சலுகை அத்தனையும் போய்விடும். "சீட் உறுதி, இன்றே முன்பணம் கட்டுங்கள்" என்று வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் அவசரப்பட வேண்டாம். பி.எஸ்சி.க்கு இந்த 7.5 சதவீதம் பொருந்தாது. ஆனால் ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, ராமேஸ்வரம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அரசு கலை அறிவியல் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் கட்டணமே குறைவு. வீட்டிலிருந்து போய்வர முடிந்தால் மாதம் வரும் ஆயிரம் ரூபாயில் பேருந்தும் நோட்டும் ஓடிவிடும்.

முதல் பட்டதாரிச் சலுகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குடும்பத்தில் இதற்குமுன் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது, உடன்பிறந்தவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். நீங்கள் பட்டதாரி என்றால் தங்கைக்கு அது கிடைக்காது. இல்லையென்றால் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருபவருக்குக் கல்விக் கட்டணத்தில் கழிவு கிடைக்கும். 7.5 சதவீதத்தில் இடம் கிடைக்காமல் போனால் இதுதான் அடுத்த பிடிமானம்.

பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான கல்வி உதவித்தொகைக்கும், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகைக்கும் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை வேறு வகை. பிளஸ் டூ மதிப்பெண்ணில் வாரிய அளவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவருக்கு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், இளநிலையில் முதல் மூன்று ஆண்டும் ஆண்டுக்கு 12,000 ரூபாய். பொறியியலோ டிப்ளமோவோ படிக்கும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு தரும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. இந்த மத்திய உதவித்தொகைகள் வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்காதவருக்கு என்ற நிபந்தனையோடு வருகின்றன. எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவிட்டு எது வந்தாலும் சரி என்று இருந்தால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். எது பெரிய தொகை, எது நான்கு ஆண்டும் வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அப்பா மீனவர் நல வாரியத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு, மீன்வளத் துறை அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உப்பளம், பனைத்தொழில், கட்டட வேலை பார்க்கும் குடும்பங்களும் அவரவர் நல வாரிய அட்டையைத் தேடி எடுங்கள். சாயல்குடிப் பக்கம் பனையேறும் குடும்பத்துப் பிள்ளைக்கும் வாலிநோக்கம் உப்பளத்துப் பிள்ளைக்கும் இது பொருந்தும். சேர்க்கைக்குப் பிறகு அட்டை எடுக்க ஓடுவதில் பயனில்லை, உறுப்பினராக இருந்தால்தான் மனு.

இந்தக் கடற்கரைக்கு ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நிற்கும் அதே நாட்களில்தான் கல்லூரி விண்ணப்பமும் முன்பணமும் வந்து நிற்கின்றன. அந்தத் தடைக்காலத்தையே காகித வேலைக்குப் பயன்படுத்துங்கள். அப்பா கரையில் இருப்பார், கையெழுத்து, கைரேகை, ஆதார் திருத்தம் எல்லாம் அப்போது முடியும். கடல் திறந்தபின் அவரைப் பகலில் பிடிப்பது கடினம்.

வருமானச் சான்றிதழுக்குக் கூலி மீனவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அனுப்ப, வட்டாட்சியர் தருவார். ஓராண்டுதான் செல்லும் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எடுக்க வேண்டும். ஜூனில் இ-சேவை மையங்களில் நிற்க இடம் இருக்காது, மே முதல் வாரமே போட்டுவிடுவது நல்லது. சாதிச் சான்றிதழ் பழைய காகித அட்டையாக இருந்தால் இணையத்தில் சரிபார்க்கக்கூடிய புதிய சான்றிதழாக மாற்றிக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை ஒப்புதலாகியும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். ஒன்று பெயர். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, மதிப்பெண் சான்றிதழில் ஓர் எழுத்து இனிஷியல். அல்லது சேவியர், முகமது போன்ற பெயர்களின் ஆங்கில எழுத்து ஒன்றில் ஒரு விதம், மற்றதில் வேறு விதம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரை மாற்றுங்கள், சான்றிதழை மாற்றப் போகாதீர்கள். அது மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டாவது வங்கி. கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழும் கணக்காக ஆதாரோடு இணைத்திருப்பது வேறு. கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். அது பள்ளியில் படிக்கும்போது திறந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் தொடாமல் செயலிழந்த கணக்காக இருந்தால் பணம் திரும்பிவிடலாம். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் எந்த வங்கி என்று பார்க்கலாம். வங்கிக்குப் போய், "நேரடி மானியப் பணம் இந்தக் கணக்குக்கு வரணும், ஆதாரை அதற்கு இணைச்சுக் கொடுங்க" என்று சொல்லி ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஆதாரில் உள்ள கைபேசி எண் வீட்டில் யாரிடமாவது உயிரோடு இருக்க வேண்டும், கடலுக்குப் போகும் அப்பாவின் எண்ணாக இருந்தால் ஓ.டி.பி. வரும் நேரத்தில் அவர் கரையில் இருக்க மாட்டார்.

இடது கை நேரடியாகப் பலன் தரும் ஒரே வழி விளையாட்டு. தங்கை வாலிபால் ஆடுபவரானால் இதை விட்டுவிடாதீர்கள். வலையின் வலப்பக்கத்திலிருந்து அடிப்பவர் இடது கைக்காரராக இருந்தால், தூக்கிக் கொடுக்கும் பந்து உடம்பைத் தாண்டிப் போகாமல் அடிக்கும் கைக்கே நேராக வரும். அதனால் அந்த இடத்துக்கு இடது கை ஆட்டக்காரரைத் தேடுவார்கள். டேபிள் டென்னிஸ், பாட்மிண்டன், கிரிக்கெட்டிலும் இடது கைக்கு மதிப்பு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் இருக்கின்றன. மாநில, தேசிய அளவுச் சான்றிதழ்கள் அதற்கு வேண்டும், ஊர்ப் போட்டிக் கோப்பை போதாது.

இனி கைக்கு வருகிறேன். இதில் பணம் அதிகம் வேண்டாம், முதல் வாரத்திலேயே கவனிக்க வேண்டியவைதான் அதிகம்.

தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாக ஓடுபவை. வலது கை எழுதும்போது கை முன்னே நகர்கிறது, எழுத்து பின்னால் காய்கிறது. இடது கை எழுதும்போது எழுதியதன் மேலேயே கை ஏறி வருகிறது. அதோடு 'க', 'ச', 'த' ஆகியவற்றின் படுக்கைக் கோட்டை வலது கை இழுக்கிறது, இடது கை தள்ளுகிறது. தள்ளும்போது மை பேனாவின் நிப்பு தாளைக் கீறும், பால்பாயிண்ட் சில இடங்களில் மை விடாமல் தாவும். இதைத் தவிர்க்கத்தான் பல பிள்ளைகள் மணிக்கட்டைக் கொக்கி போல வளைத்து வரிக்கு மேலிருந்து எழுதுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு அது தாங்கும். மூன்று மணி நேரப் பருவத் தேர்வில் இரண்டாவது மணி நேரமே மணிக்கட்டும் கட்டைவிரலின் அடியும் வலிக்கத் தொடங்கும்.

சரியான நிலை இது. தாளை உடம்பின் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் வையுங்கள். தாளின் மேல்பக்கம் வலது பக்கம் சாயட்டும், 30 முதல் 45 டிகிரி வரை. வலக்கைக்காரர் சாய்ப்பதற்கு நேர் எதிர்த்திசை இது. பள்ளியில் "நோட்டை நேரா வை" என்று அதட்டி அதட்டியே பல பிள்ளைகளுக்குக் கொக்கிக் கை வந்துவிட்டது. பேனாவை முனையிலிருந்து இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் மேலே பிடிக்க வேண்டும், வலக்கைக்காரர் பிடிப்பதைவிடச் சற்று உயரம். அப்போதுதான் எழுதும் எழுத்து விரலுக்குப் பின்னால் மறையாது. பேனாவின் வால் இடது முழங்கையைப் பார்க்க வேண்டும், முழங்கை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், கை வரிக்குக் கீழே நகர வேண்டும். பதினெட்டு வயதில் கொக்கிக் கையை முழுக்க மாற்ற முடியாமல் போகலாம். அப்படியானால் தாளைச் சாய்ப்பதையும் பேனாவை உயரப் பிடிப்பதையும் மட்டும் பழகினாலே பாதி வலி குறையும். தினம் ஒரு பக்கம் வீதம் விடுமுறையில் பழகச் சொல்லுங்கள், கல்லூரி தொடங்கியபின் பழக நேரம் கிடைக்காது.

பேனா வாங்கும்போது கடையிலேயே ஒரு வரி எழுதி, மூன்று வரை எண்ணி, உள்ளங்கை ஓரத்தால் தேய்த்துப் பாருங்கள். இழுவினால் வேண்டாம். ஜெல் பேனா பெரும்பாலும் இதில் தோற்கும். நம் கடற்கரையில் நவம்பர், டிசம்பர் தேர்வு வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் வருகிறது, ஏப்ரல், மே தேர்வு வியர்வையில் வருகிறது. இரண்டிலும் தாள் ஈரம் குடித்திருக்கும், மை மெதுவாகத்தான் காயும். மெல்லிய முனைப் பால்பாயிண்ட்தான் பாதுகாப்பு. வீட்டில் எழுதும்போது கைக்கு அடியில் ஒரு வெற்றுத்தாள் வைத்துக்கொள்ளலாம். தேர்வறைக்குள் வெளித்தாள் கொண்டுபோகக் கூடாது, ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கண்காணிப்பாளரிடம் காட்டிவிட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நோட்டு வாங்குகையில் பக்கவாட்டில் சுருள் கம்பி போட்டது வேண்டாம், கம்பி இடது மணிக்கட்டின் மேலேயே இருக்கும். மேலே சுருள் போட்டதோ தைத்த நோட்டோ போதும். ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் கோடு போட்டு எழுதவும் இடப்பக்கம் வெள்ளையாகப் படம் வரையவும் இருக்கும். வலப்பக்கத்தில் வரியின் தொடக்கம் நடுத்தையலை ஒட்டி வருவதால் இடது கை தையல் மேட்டில் ஏறி எழுத்து கோணும். நோட்டின் தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் இன்னொரு நோட்டை வைத்துச் சமமாக்கிவிட்டால் சரியாகும்.

இருக்கை விஷயம்தான் கல்லூரியில் பெரிய தொல்லை. வலப்பக்கம் எழுதும் பலகை பொருத்திய நாற்காலி பல தேர்வறைகளிலும் கருத்தரங்கு அறைகளிலும் இருக்கிறது. இடது கைக்காரர் அதில் உடம்பை முறுக்கி உட்கார வேண்டும், முழங்கைக்குத் தாங்கலே இருக்காது. முதுகும் தோளும் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்ப்பது போன்ற தோற்றமும் வரும், கண்காணிப்பாளர் அதட்டினால் பிள்ளை பதறிப்போவார். இதற்கு இடப்பலகை நாற்காலி அல்லது சாதாரண மேசை கேட்க வேண்டும். தேர்வன்று காலையில் கேட்டால் யாராலும் செய்ய முடியாது, இருக்கைப் பட்டியல் முன்னமே ஒட்டியாகிவிடும். வகுப்பில் பெஞ்சு என்றால் உட்காருபவருக்கு இடப்பக்கக் கோடியில் உட்காரட்டும், பக்கத்துப் பிள்ளையின் வலது முழங்கையோடு இடிக்காது.

வேதியியல் லேபில் கவனிக்க வேண்டியது பியூரெட், அதாவது திரவத்தை அளந்து சொட்டுச் சொட்டாக விடும் திருகு வைத்த கண்ணாடிக் குழாய். வழக்கமாக அதன் திருகு வலப்பக்கம் இருக்கும். வலக்கைக்காரர் இடது கையைப் பியூரெட்டைச் சுற்றிக் கொண்டுவந்து திருகைப் பிடிப்பார், வலது கையால் கூம்புக் குடுவையைச் சுழற்றுவார். கையைச் சுற்றிக் கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. அப்படிப் பிடித்தால் திருகு உள்ளே அழுந்தியபடி இருக்கும். இடது கைக்காரர் குடுவையை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் திருகை நேராகப் பிடித்தால், திருப்பும்போது அறியாமல் வெளியே இழுப்பார். கண்ணாடித் திருகு சற்றே வெளியே வந்து கசியும், முடிவுப் புள்ளியில் இரண்டு மூன்று சொட்டு கூடும், இரண்டு அளவீடும் ஒத்துவராது. "எண்டு பாயிண்ட் வரல" என்று அழும் பிள்ளைக்குப் பாதி நேரம் இதுதான் நடந்திருக்கும். இரண்டு வழி உண்டு. பியூரெட்டைத் தாங்கியில் திருப்பித் திருகு இடப்பக்கம் வரும்படி மாட்டி, வலது கையைச் சுற்றிக் கொண்டுவந்து பிடிப்பது ஒன்று. அப்போது அளவுக் கோடுகள் பின்னால் போய்விடும், அளவைப் பார்க்கத் தலையை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் எல்லோரையும் போல இடது கையால் திருகு, வலது கையால் சுழற்றுவது. திருகுக்குத்தான் நுட்பமான கை வேண்டும், குடுவையைச் சுழற்ற எந்தக் கையும் போதும். ஆகவே இடது கைக்காரருக்கு உண்மையில் இந்த வழக்கமான முறையே நன்றாக அமைகிறது. முதல் நாளே இப்படிப் பழகினால் தங்கை இதில் மற்றவரைவிட ஒரு படி மேலே இருப்பார்.

இயற்பியலில் திருகு அளவி, வெர்னியர் இரண்டையும் இடது கையில் பிடித்தால் எண்கள் தலைகீழாகத் தெரியும். கருவியை எல்லோரும் பிடிப்பது போலவே பிடித்து, எழுதுவதை மட்டும் இடது கையில் வைத்துக்கொள்வது நல்லது.

பொறியியல் டிராயிங் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், முதலாண்டில் அதில்தான் பலருக்குத் தடுக்கும். நேர்கோடும் செங்குத்துக் கோடும் போட இரண்டு ஸ்கேல் பொருத்திய கருவியான மினி டிராஃப்டரை வலக்கைக்காரர் பலகையின் இடது மேல் மூலையில் மாட்டி, இடது கையால் அதை அழுத்திப் பிடித்து வலது கையால் கோடு போடுவார். தங்கை அதை வலது மேல் மூலையில் மாட்ட வேண்டும். தலைப்பகுதியின் பூட்டுத் திருகைத் தளர்த்தி இரண்டு ஸ்கேலையும் இடப்புறமாக 90 டிகிரி சுழற்றிப் பூட்டினால் ஒரு ஸ்கேல் மேலேயும் மற்றது இடப்பக்கமும் நீளும். பூஜ்யம் வலப்பக்கம் வந்துவிடும், வலமிருந்து இடமாகக் கோட்டை இழுக்கும் கைக்கு அது பொருந்தும். மலிவு டிராஃப்டர் சிலவற்றில் தலை அவ்வளவு தூரம் சுழலாது, சுழன்றாலும் பூட்டியபின் ஆடும். கடையிலேயே சுழற்றிப் பூட்டி அசைத்துப் பார்த்து வாங்குங்கள். கல்லூரி மொத்தமாக வாங்கித் தருவதானால் பிரித்துப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

ஏ2 தாளில் வலது மேல் பக்கத்திலிருந்து தொடங்கி இடது கீழே முடிக்கட்டும், முழங்கை படும் இடம் கடைசியில் வரையப்படும். வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் கையின் நிழல் கோட்டின் மேலேயே விழும். சாதாரண ஸ்கேலில் முதலில் இரண்டு முனையிலும் புள்ளி வைத்துவிட்டு, பிறகு வலமிருந்து இடமாக இழுத்தால் கோடு நடுங்காது. தலைப்புக் கட்டம் தாளின் வலது கீழ் மூலையில்தான் இருக்க வேண்டும். அதை இடப்பக்கம் மாற்றிவிட்டு மதிப்பெண் இழக்க வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு விதியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். கைக்கருவி என்றால் தன் கைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஓடும் இயந்திரம் என்றால் அது சொல்லும் கையைத்தான் பயன்படுத்த வேண்டும். அரம் பிடிக்கும்போதும் ஹேக்ஸா அறுக்கும்போதும் வலக்கைக்காரர் இடது காலை முன்வைப்பார், தங்கை வலது காலை முன்வைக்க வேண்டும். அறுக்கும் துண்டு வைஸின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். கடைசல் இயந்திரம், துளையிடும் இயந்திரம், சாணை எதிலும் கைமாற்றி நிற்க வேண்டாம். நிறுத்தும் சுவிட்சும் தடுப்பும் வலக்கைக்காரரை நினைத்து வைக்கப்பட்டவை, கையைக் குறுக்கே நீட்டினால் துப்பட்டாவும் சட்டைக் கையும் சிக்கும் ஆபத்து உண்டு.

கத்தரிக்கோல் ஏன் இடது கையில் வெட்டாது என்று பலருக்குத் தெரியாது, கத்தியைத் தீட்டிக்கொண்டே இருப்பார்கள். கூர் காரணமில்லை. கையை மூடும்போது கட்டைவிரல் வெளியே தள்ளும், மற்ற விரல்கள் உள்ளே இழுக்கும். வலது கையில் இந்த விசை இரண்டு அலகையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது. இடது கையில் அதே விசை அலகுகளைப் பிரிக்கிறது, தாள் நடுவே மடிந்துகொள்கிறது. இடது கைக் கத்தரியில் அலகுகள் மாற்றி அடுக்கப்பட்டிருக்கும். ஆடை வடிவமைப்பு, தையல் படிக்கும் பிள்ளைக்கு அது கட்டாயம் வேண்டும். மற்றவர் கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுத்து, விரல்களை வெளியே தள்ளி வெட்டிப் பழகலாம். ஒரு பக்கம் மட்டும் தீட்டிய அரிவாளும் இடது கைக்குத் தொல்லைதான் கொடுக்கும்.

கணினி லேபில் மவுஸை இடப்பக்கம் நகர்த்தினால் போதும், பொது இயந்திரத்தில் பொத்தான்களை மாற்றி வைத்தால் அடுத்தவர் திண்டாடுவார். டேலி என்ற கணக்கு மென்பொருள் படிக்கும் பிள்ளைக்கு இது நல்ல வசதி. இடது கையில் மவுஸ், வலது கை எண் பலகையில், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். சோற்றாங்கையில்தான் சாப்பிட வேண்டும், பிரசாதமோ நேர்ச்சையோ வலது கையில்தான் வாங்க வேண்டும் என்பது நம் ஊரில் எல்லா மதத்தாருக்கும் உள்ள பழக்கம். அதைப் பெரும்பாலான பிள்ளைகள் சிரமமில்லாமல் பழகிக்கொள்கிறார்கள். சாப்பிடும் கை வேறு, எழுதும் கை வேறு என்று இருப்பதில் கெடுதல் ஏதும் இல்லை. விடுதி மெஸ்ஸில் முழங்கை இடிக்காமல் உட்காரவும் அது உதவும். எழுதும் கையை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். கல்லூரி வயதில் கை மாற்றினால் வேகம் குறையும், எழுத்து குலையும், மூன்று மணி நேரத்தில் எழுத வேண்டியது எழுதி முடியாது. "பீச்சாங்கை" என்று கேலி செய்தால் பிள்ளை ஆசிரியரிடம் மேசை கேட்கவே கூச்சப்படுவார். வீட்டில் அந்தச் சொல்லை நிறுத்திவிட்டாலே போதும்.

மேசை கேட்பதற்கான மனுவைச் சேர்ந்த முதல் வாரமே துறைத் தலைவரிடம் கொடுத்து, ஒரு பிரதியைக் கல்லூரித் தேர்வுப் பிரிவில் கொடுத்து, இரண்டிலும் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மருத்துவச் சான்று எதுவும் இணைக்க வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"மதிப்பிற்குரிய அம்மா/ஐயா, நான் முதலாமாண்டு மாணவி. இடது கையால் எழுதுகிறேன். வலப்பக்கம் எழுதுபலகை உள்ள நாற்காலியில் எழுத முடியவில்லை. உள்தேர்வுகளுக்கும் பருவத் தேர்வுகளுக்கும் எனக்குச் சாதாரண மேசையோ, இடப்பக்கம் பலகை உள்ள நாற்காலியோ, பெஞ்சின் இடக்கோடி இருக்கையோ ஒதுக்கித் தருமாறும், டிராயிங் வகுப்பில் வலப்பக்கம் வெளிச்சம் வரும் இடத்தில் அமர அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இருக்கைப் பட்டியல் தயாராகும் முன் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்."

கீழே பெயர், துறை, பதிவெண். பதிவெண் வர ஒரு மாதம் ஆகும் என்றால் சேர்க்கை எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, பதிவெண் வந்ததும் தேர்வுப் பிரிவுக்குப் போய் அதே மனுவில் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.